போர்ட்டோவில் மறுபடியும் சொன்ன பொய்

ஜெரால்டு, இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். கையில் இருக்கும் போனைக் கட்டில்மேல் கவிழ்த்து வை. நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன், நடுவில் பதினாறு படிதான். இதற்குப் போய் ஒரு கடிதமா என்று உனக்குத் தோன்றும். நான் நேரில் வந்து பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே "மா, மேட்டருக்கு வா" என்பாய். நானும் அவசரப்பட்டு முன்னதைப் பின்னதாகச் சொல்லிக் குழப்பி, கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இஸ்திரி போட்ட உன் சட்டைகளுக்கு நடுவே இதைச் செருகி வைக்கிறேன். இன்னொரு பிரதியை நம் கோயிலில் மாதாமாதம் அச்சடித்துக் கொடுக்கும் பங்கு மடலில் போடச் சொல்லி ஃபாதரிடம் கொடுக்கப்போகிறேன். கோபப்படாதே. ஏன் என்று படித்துக்கொண்டே போனால் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ மாடிப்படியில் உட்கார்ந்து திவ்யாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் ஒட்டுக் கேட்கவில்லை. நீ ரகசியம் பேசினாலே திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். திவ்யாவை அவள் கம்பெனி எட்டு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புகிறது, உங்கள் கல்யாணமான அடுத்த மாதமே அவள் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ சண்டை போடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நிதானமாகத்தான் பேசினாய். ஆனால் ஒன்று சொன்னாய்: "எங்கம்மாவுக்கும்தான் புனே சான்ஸ் வந்துச்சு. எங்கப்பா உடல. அதுக்காக எங்கம்மா இன்னா கெட்டா பூட்டாங்க? நல்லாத்தான கீறாங்க?" என் கையில் இருந்த சங்கரா மீன் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

நீ பொய் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து நான் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னாய். பொய் சொன்னது நான். உங்கப்பா என்னைத் தடுக்கவே இல்லை. ஏனென்றால் நான் அவரைக் கேட்கவே இல்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியுமா? ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு "எங்கம்மா கோடு போடுவாங்க" என்று சொன்னாய். சரிதான். பொறியாளர்கள் பென்சிலில் போட்ட படத்தின்மேல் மெல்லிய ட்ரேசிங் தாளை விரித்து, மையால் பிசிறில்லாமல் பிரதி எடுப்பது என் வேலை. பம்பு, வால்வு, பல்சக்கரம், திருகாணி எதுவானாலும் மூன்று படம். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, மேலேயிருந்து எப்படி. கை நடுங்காமல் ஒரு வட்டம் போடுவதில் அந்த ஆபீஸில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் கையால் வரைய வேண்டாம், இரண்டு பேரைப் புனேக்கு அனுப்பி ஆறு மாதம் பயிற்சி கொடுக்கப்போகிறோம் என்றார் மேனேஜர். கமலா ஒருத்தி, இன்னொருத்தி நான். உனக்கு அப்போது இரண்டு வயது.

அதுவரை நான் அரக்கோணத்தைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. இந்தி தெரியாது. ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பேனா பிடிக்கிற கை வியர்த்தால் என் பிழைப்பே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் விழித்தால், நான் கெட்டிக்காரி இல்லை என்பது கமலாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். உன்னைக் காரணம் காட்டலாம் என்றுகூட யோசித்தேன். ஆனால் என் தங்கை உன்னைப் பார்த்துக்கொள்வதாக ஏற்கெனவே ஆபீஸ் வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனேன். வாய் தானாகவே சொன்னது: "எங்க வீட்டுக்காரர் விடமாட்டேங்கறாரு சார்." எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! அவர் உச்சுக் கொட்டினார். யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. கணவன் விடவில்லை என்றால் நம் ஊரில் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

கமலா போய்விட்டு வந்து டிசைன் பிரிவில் பெரிய ஆளானாள். என் மேசையை எடுத்துவிட்டு என்னை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தேன். வயிறு எரியும்போதெல்லாம் அந்தப் பொய்யைத்தான் தடவிக்கொண்டேன். தங்கையிடம் சொன்னேன். அண்ணனிடம் சொன்னேன். மாதா சபைக் கூட்டத்தில் கண் கலங்கச் சொன்னேன். உன் பெரிய மாமா இரண்டு வருடம் உங்கப்பாவோடு பேசவில்லை. உன் சித்தி ஒரு ஞானஸ்நான விருந்தில், கையில் பிரியாணித் தட்டோடு அவரை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பெண்ணுரிமை பேசினாள். அப்போதிருந்த பங்குத் தந்தை திருமண நாள் பிரசங்கத்தில், "சிலர் மனைவியின் திறமையைப் புதைத்துவிடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு நேராக எங்கள் பெஞ்சைப் பார்த்தார். உங்கப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் இரும்புத் தகடு அடிக்கும் ப்ரெஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர், அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரியாமல் தலையாட்டுகிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அவர் முகத்துக்கு நேராக மட்டும் அந்தப் பொய்யை நான் சொன்னதில்லை. அந்த அளவுக்கு மானம் இருந்தது. கொஞ்ச நாளில் நானே அதை நம்பிவிட்டேன். அதைத்தான் நீ கேட்டு வளர்ந்தாய்.

ஓய்வு பெற்ற பிறகு நான் சென்ட்ரல் ரயிலில் உட்கார்ந்து எதிரில் இருப்பவர்களை வரைய ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும். அதை நீ வெட்கப்பட்டு எப்படி வெளியே தெரியாமல் ஒளித்து வைக்கப் பார்த்தாய் என்பதும் எனக்குத் தெரியும். மனிதர்களை எப்படி வரைவது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மாதிரி வரைந்தேன். ஒரு ஆளுக்கு மூன்று படம். முன்னால், பக்கவாட்டில், மேலே. மூக்கிலிருந்து மோவாய் வரை அம்புக்குறி போட்டு அளவும் எழுதுவேன். வில்லிவாக்கத்தில் ஏறின பூக்காரம்மா ஒருத்தி நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, என்னைய நட்டு போல்ட்டு கணக்கா போட்டு வெச்சிக்கீற?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. நீ அன்று சாயங்காலம், "யாராவது போலீஸ்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போறாங்க, நான்தான் வந்து ஜாமீன் எடுக்கணும்" என்றாய். திவ்யா முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்தபோது, அந்த நோட்டுகள் பதினொன்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்து பார்த்தாள். நீ அவளுக்காக வாங்கி வந்த ஐஸ்கிரீம் உருகி ஓடியது நினைவிருக்கிறதா? நடுநடுவே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஆன்ட்டி, இவங்க எந்த ஸ்டேஷன்ல இறங்குனாங்க?"

அவள்தான் இணையத்தில் தேடி, போர்ச்சுகலில் போர்ட்டோ என்ற ஊரில் ஓவியர்களை ஆறு வாரம் தங்க வைத்து வரையச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள். விண்ணப்பத்தில் "உங்கள் கலைப் பார்வை என்ன?" என்று கேட்டிருந்தது. நான் யோசித்துவிட்டு, பென்சில் எப்போதும் கூராக இருக்க வேண்டும் என்றேன். அவள் அதை ஆங்கிலத்தில் என்னவோ பெரிதாக எழுதினாள். அவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று தோற்றத்தில் மனிதர்களை வரைகிற ஆளை அவர்கள் பார்த்ததே இல்லையாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கப்பாவிடம் போனேன். ஜெரால்டு, ஒரு உண்மை சொல்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "அங்க குளுருமா? சொட்டரு வாங்கணுமே" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய்.

போர்ட்டோ எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அழகான ஊர் என்று சொல்லியிருக்கிறேன். அழகுதான். ஆனால் அந்த ஊரில் சமதரையே இல்லை. பால் வாங்கப் போனால் மலை இறங்க வேண்டும், வாங்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். வீட்டுச் சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்திருக்கிறார்கள். நாம் குளியலறைக்கு உள்ளே பதிப்பதை அவர்கள் தெருப்பக்கம் பதிக்கிறார்கள். எங்களைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்குத் தெரேசா என்று பெயர். நம் பங்கில் மட்டுமே ஏழு தெரேசாக்கள் இருப்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆறடி உயரம், கரகரத்த குரல். அவரோடு சேர்த்து அந்த வீட்டில் ஏழு பேர். ஒரு கொரியப் பெண், துணிகளை மழையில் நனைத்துக் கொடியில் தொங்கவிடுவதுதான் தன் கலை என்றாள். அப்படியென்றால் நம் தெருவில் எல்லோருமே கலைஞர்கள்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது, ஆங்கிலம் வரவில்லை.

முதல் ஒன்பது நாள் நான் ஒரு கோடு போடவில்லை. இதை உன்னிடம் சொல்லவே இல்லை. தினமும் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்காருவேன். யாராவது எதிரில் வந்து உட்காருவார்கள். பென்சிலை எடுப்பேன். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். உடனே நோட்டை மூடிவிட்டு, ஏதோ அதற்காகவே வந்தவள் மாதிரி எதிர்க் கடையில் போய் ஒரு வாழைப்பழம் வாங்குவேன். வில்லிவாக்கத்தில் யாராவது திட்டினால் பதிலுக்கு நானும் திட்ட முடியும். அங்கே திட்டினால் திட்டுகிறார்கள் என்றுகூடத் தெரியாதே. ஒன்பது நாளில் முப்பத்தொரு வாழைப்பழம் தின்றேன். உங்களுக்கு நான் அனுப்பின போட்டோக்களில் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன், பின்னால் ஆறு ஓடும், நீ கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவாய்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அதுவரை செய்ததைக் காட்ட வேண்டும். கொரியப் பெண் ஈரத் துணியைக் காட்டினாள், எல்லோரும் பாராட்டினார்கள். என் முறை வந்தது. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், ஆறு பேர் என்னைப் பார்க்கிறார்கள். உள்ளங்கை வியர்த்துவிட்டது. வாய் தானாகவே திறந்தது, ஜெரால்டு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டமிடவில்லை. "மை ஹஸ்பண்ட் காலிங். கம் ஹோம், கம் ஹோம். நோ ட்ராயிங்" என்றேன்.

தெரேசாவின் முகம் சிவந்துவிட்டது. நம் ஊர் மாதிரி உச்சுக் கொட்டிவிட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தது என் தப்பு. அந்த அம்மா எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டினார். "போனைக் கொடுங்கள்." எனக்கு மறுக்க ஆங்கிலம் போதவில்லை. 'ஜெரால்டு அப்பா' என்று இருந்ததை நானே காட்டிக் கொடுத்தேன். அவர் வீடியோ காலை அழுத்திவிட்டார்.

இங்கே அப்போது சாயங்கால டீ நேரம். உங்கப்பா போனை எடுத்ததும் வழக்கம்போலக் காதில் வைத்துக்கொண்டார். திரை முழுக்க ஒரு காது. ஆறு ஓவியர்கள் அந்தக் காதைக் குனிந்து பார்த்தார்கள். கொரியப் பெண் "வொண்டர்ஃபுல்" என்று மெதுவாகச் சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா வைங்க!" என்று நான் கத்தினேன். காது போய் முகம் வந்தது. பனியன், தோளில் துண்டு, ஒரு கையில் பாதி உரித்த பூண்டு. தெரேசா ஆரம்பித்தார். உங்கள் மனைவி ஒரு கலைஞர், அவரைப் பாதியில் திரும்பக் கூப்பிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, இது எந்த நூற்றாண்டு என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் புரிகிற மாதிரி கேட்டார். உங்கப்பா கண்ணைச் சிமிட்டினார். திரையில் ஓரமாக நான் தெரிந்திருப்பேன் போலிருக்கிறது, என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு விநாடி இருக்கும். பூண்டைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து மார்பின்மேல் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

"சாரி மேடம்," என்றார். "மை மிஸ்டேக். ஷி ஸ்டே. ஷி ட்ராயிங். ஐ நோ டிஸ்டர்ப்."

எல்லோரும் கைதட்டினார்கள். தெரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனிதர்கள் எந்த வயதிலும் மாற முடியும் என்பதற்கு இவரே சாட்சி என்றார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு நடையோரமாக ஓடினேன்.

"இன்னாமே, மறுபடியும் நானா?" என்றார் உங்கப்பா.

நான் அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"அப்போ புனேக்கு நானு. இப்போ இதுக்கும் நானா? அம்பத்தூர், ஆவடி ஃபுல்லா என் பேரு நாறிக் கெடக்குது. பத்தாதுன்னு ஃபாரின்லயும் நாறடிச்சிட்டியே!"

"உங்களுக்கு... தெரியுமா?"

"உங்க மேனேஜரு அடுத்த வாரமே எங்க கம்பெனி கேட்டாண்ட வந்து நின்னுகினு இருந்தாரு. 'யோவ், அந்தப் பொண்ண அனுப்புய்யா, தங்கமான கை'ன்னு கெஞ்சறாரு. எனக்கு ஒரு மண்ணும் பிரியல. ரோசன பண்ணி சொல்றேன் சார்னு வந்துட்டேன்."

"ஏங்க என்னைக் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு மாசம் உன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன். பயந்துகினு கீறேன்னு தெரிஞ்சிபோச்சி. சரி, என் பேரச் சொல்லித் தப்பிச்சிக்கினா தப்பிச்சிக்கட்டும்னு உட்டுட்டேன்."

"எங்கண்ணன் உங்ககிட்ட ரெண்டு வருஷம் பேசலியேங்க!"

"அந்த ரெண்டு வருசம்தான்மே நான் நிம்மதியா இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கீழே வைத்த பூண்டை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா நான் பண்ணதும் தப்புமே. அன்னிக்கே வாயத் தொறந்து, 'நீ போ, நான் கீறேன், புள்ளய நான் பாத்துக்கறேன்'னு சொல்லிக்கணும். சொல்லாம நல்லவனாட்டம் குந்திகினு இருந்துட்டேன். இந்த வாட்டி சொல்றேன், கேட்டுக்க. பயமா கீதுன்னா பயமா கீதுன்னு சொல்லு. என் பேரச் சொல்லாத. போய் நாலு பேர வரைஞ்சிட்டு வா. வெறுங்கையோட ஊட்டாண்ட வந்துடாத."

திரும்பி அறைக்குள் போனேன். அத்தனை பேருக்கு முன்னால், "மை ஹஸ்பண்ட் குட் மேன். ஐ டெல் லை. ஐ ஹேவ் ஃபியர்" என்றேன். என் வாழ்க்கையில் நான் தப்பில்லாமல் பேசின ஆங்கிலம் அதுதான் என்று நினைக்கிறேன். தெரேசா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் உங்கப்பாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். "நோ ப்ராப்ளம் மேடம்," என்றார் உங்கப்பா. "திஸ் ரெகுலர்."

அன்றைக்கு மத்தியானமே நான் வெளியே போனேன். இறக்கத்தில் ஒரு சின்ன காப்பிக்கடை. முதலாளி பெயர் மனுவேல். நான் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்து, உள்ளே ஓர் இடத்தைக் காட்டி "மேஸா" என்றார். மேசையைத்தான் சொல்கிறார்! எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. நான் ஜன்னலைக் காட்டி "ஜன்னல்?" என்றேன். "ஜனேலா!" என்றார். அவர் இடுப்பில் தொங்கினதைக் காட்டி "சாவி?" "ஷாவ்!" மூலையில் இருந்த அலமாரி "அர்மாரியு". எந்தக் காலத்திலோ கப்பலேறி நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட சொற்கள் எல்லாம் அங்கே அவர்கள் கடையில் சர்வ சாதாரணமாக நின்றுகொண்டிருந்தன. சாமான்களோடு பேச முடிகிற ஊரில் மனிதர்களோடும் எப்படியாவது பேசிவிடலாம் என்று தோன்றியது. நோட்டைக் காட்டி, பென்சிலைக் காட்டி, அவரைக் காட்டி, "வரையலாமா?" என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவர் உடனே சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

முன்பக்கத் தோற்றம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பக்கவாட்டுத் தோற்றத்தில் மூக்கு கொஞ்சம் நீளம் என்று கையால் காட்டினார், பிறகு தன் மூக்கைத் தடவிப் பார்த்துச் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். மூன்றாவது படத்தில்தான் வினை. மனுவேல் ஒரு காதுக்கு மேலிருந்து முடியை எடுத்து மறு காது வரைக்கும் பாலம் கட்டியிருந்தார். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். நான் கம்பெனிப் பழக்கத்தில், வழுக்கையின் குறுக்களவையும் அம்புக்குறி போட்டு எழுதிவிட்டேன். பதிமூன்று சென்டிமீட்டர். அவர் படத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையை உச்சந்தலைக்குக் கொண்டுபோனார். எனக்கு வாழைப்பழம் வாங்க ஓடிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் சமையல் அறையிலிருந்து அவர் மனைவி வந்து, தாளை வாங்கிப் பார்த்து, சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்து, பிறகு எழுந்து அதைக் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவிட்டார். அடுத்த நாள் மனுவேல் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, மறுபடியும் வரையச் சொன்னார். பத்து வயது குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு நாற்பத்தேழு பேரை வரைந்தேன். மீன் விற்கிறவர்கள், டிராம் ஓட்டுகிறவர், கோயிலில் மெழுகுவர்த்தி அணைக்கிறவர். ரயிலில் நான் யாரையும் கேட்டு வரைந்ததில்லை, திருட்டுத்தனமாகத்தான் வரைவேன். அங்கே ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டேன். சிலர் வேண்டாம் என்று தலையசைத்தார்கள். ஒரு பாட்டியம்மா கைப்பையால் அடிக்கவே வந்தார். மற்ற எல்லோரும் சரி என்றார்கள், ஜெரால்டு. கேட்டால் இவ்வளவு பேர் சரி என்று சொல்வார்கள் என்பது எனக்கு அறுபது வயது வரை தெரியாது. கேட்பதற்கு முன்னாலேயே அவர்கள் பதிலையும் நானே எழுதிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

நான் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் நீ என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எப்டிமா இருந்துச்சு?" என்று கேட்டாய். நல்லா இருந்தது என்றேன். அங்கேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கோயிலில் எல்லோரும் உங்கப்பாவின் கையைக் குலுக்கி, "இந்த முறையாவது அனுப்பினீங்களே, பெரிய மனசு" என்று பாராட்டினார்கள். அவர் அடக்கமாகத் தலை குனிந்து நின்றார். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் தப்பாகச் சொன்னவள் ஊருக்குத் தெரிகிற மாதிரிதான் திருத்த வேண்டும். அதனால்தான் பங்கு மடல். இதை எழுதப்போகிறேன் என்று உங்கப்பாவிடம் சொன்னேன். "போடு. ஆனா உங்கண்ணனுக்கு மட்டும் ஒரு காப்பி குடுக்காத, வந்து பேச ஆரம்பிச்சிடுவான்" என்றார்.

இனி உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதை நான் கேட்டது மட்டுமில்லை, பேசி முடித்துவிட்டு நீ படியிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். நீ திவ்யாவை அடக்கி வைக்க நினைக்கிற ஆள் இல்லை. பயந்திருக்கிறாய். கல்யாணமான கையோடு அவள் போய்விட்டால் நாலு பேர் என்ன கேட்பார்கள், அவள் அங்கே பெரிய ஆளாகித் திரும்பி வந்தால் நான் சின்னவனாகத் தெரிவேனோ, எட்டு மாதம் போனிலேயே பேசினால் பேச விஷயம் தீர்ந்துவிடுமோ என்றெல்லாம் உனக்குள் ஓடுகிறது. ஓடட்டும், தப்பில்லை. ஆனால் உன் பயத்துக்கு என் பொய்யை எடுத்துச் சட்டையாகப் போட்டுக்கொள்ளாதே. நான் அதை இத்தனை வருடம் போட்டுப் பார்த்தவள். போட்ட அன்றைக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. பிறகு கழற்ற முடியவில்லை. என்னை "நல்லாத்தான கீறாங்க" என்று சொன்னாயே, ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டு எண்ணிய வருடங்களில் ஒருநாள்கூட நான் நன்றாக இருந்ததில்லை. சிரித்துக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. உங்கப்பாவை மாதிரியும் இருந்துவிடாதே. இதை அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்றும் சொல்லாமல், தடுக்காமல், தலையாட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றால் நல்லவன் பட்டம் கிடைக்கும். எதிரில் நிற்கிறவளுக்கு அது போதாது. அவளுக்கும் பயம் இருக்கும், ஜெரால்டு. புதுக் கல்யாணம், புது நாடு, புது மொழி. நீ அப்படிச் சொன்னதும் அவள் எதிர்த்துப் பேசவில்லை போலிருக்கிறது, உன் குரல் ஏறவே இல்லையே; அதை நீ சம்மதம் என்று நினைத்திருப்பாய். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. போகாமல் இருக்க அவளுக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கலாம். நீ வலியப் போய் அந்தக் காரணமாக நிற்கிறாய். இன்னும் பத்து வருடத்தில் பாரிவாக்கத்தில் திவ்யா வீட்டு விசேஷத்தில், கையில் பிரியாணித் தட்டோடு நீ மாட்டிக்கொள்வாய். உங்கப்பாவுக்கு இருக்கிற பொறுமை உனக்குக் கிடையாது.

நாளைக் காலை பத்து மணிக்கு நான் திவ்யா வீட்டுக்குக் கிளம்புகிறேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். ஆவடி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து பூந்தமல்லி போகிற பஸ், இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பிறகு ரோடு தோண்டிப் போட்டிருக்கிற தெருவில் நடை. வெயில் வேறு. அதற்குள் நீயே அவளைக் கூப்பிட்டு, "பயந்துட்டேன், அதான் அப்டிப் பேசிட்டேன், நீ போய்ட்டு வா, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டால், நான் செருப்பே போட வேண்டாம்.

போனைத் திருப்பிக்கொள்.

முட்டிவலியோடு கேட்டுக்கொள்ளும்,
அம்மா